“டயட் இலை” என்று சொன்னால் நம்பி உட்காராதீர்கள்: கோதுமை ஆகாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

போன மாதம் தஞ்சாவூரில் என் தம்பி வீட்டுப் புதுமனைப் புகுவிழா. மதியம் ஒரு வேளை சாப்பிட்டதற்கு எட்டு நாள் படுத்துக் கிடந்தேன். சமையல் காண்ட்ராக்டரின் பெயரை இங்கே போடவில்லை. அவர் தம்பியின் மாமனாருக்கு வேண்டப்பட்டவர். ஏற்கெனவே வீட்டில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கதை எந்த ஊர் மண்டபத்திலும் நடக்கும்.

எனக்குச் சீலியாக் நோய். கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி என் சிறுகுடலையே தாக்கும். உணவில் இருக்கும் சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் உள்ள மெல்லிய விரல் போன்ற பகுதிகள் தேய்ந்துபோகும். நாலு வருஷம் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரையாகத் தின்றேன், ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவே இல்லை. கடைசியில் ஒரு குடல் மருத்துவர்தான் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோபியும் செய்து கண்டுபிடித்தார். இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம்.

சோறு, இட்லி, இடியாப்பம் சாப்பிடுகிற ஊரில் இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் சாப்பாட்டில் இல்லை, ஆட்களிடம்தான். நம் ஊரில் சப்பாத்தி என்பது நோயாளி சாப்பாடு. சர்க்கரை வந்தால் டாக்டரே ராத்திரிக்குச் சப்பாத்தி சாப்பிடச் சொல்கிறார். அப்படியிருக்க, ஒருத்தி வந்து சோறு சாப்பிடுவேன், சப்பாத்தி ஆகாது என்றால் கேட்பவர் காதில் அது தலைகீழாகத்தான் விழுகிறது. என் மாமியாருக்கு இதைப் புரியவைக்க இரண்டு வருஷம் ஆனது. இது வடக்கே பரவலாகவும் தெற்கே அபூர்வமாகவும் இருக்கிற நோய். கணக்கெடுத்துப் பார்த்ததில் வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் என்று வந்திருக்கிறது. ஆக, அந்த ஆயிரத்தில் ஒருத்தியை இதற்கு முன் எந்தச் சமையல்காரரும் பார்த்திருக்க மாட்டார். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். என் கோபம் தெரியாததற்கு இல்லை, தெரியும் என்று சொல்லிக் காசு வாங்கியதற்கு.

விழாவுக்குப் பத்து நாள் முன்னாலேயே காண்ட்ராக்டரிடம் நானே போனில் பேசினேன். “கோதுமை, மைதா, ரவை எதுவும் படக் கூடாதுங்க. எனக்கு மட்டும் தனியா ஏற்பாடு பண்ண முடியுமா?” என்றேன். “குளூட்டன் ஃப்ரீதானே மேடம்? நம்மகிட்ட சுகர் பேஷன்ட், ஜெயின், டயட் எல்லாத்துக்கும் தனி இலை உண்டு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க” என்றார். குளூட்டன் என்ற சொல்லை அவர் வாயாலேயே கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. என் முதல் தப்பு அதுதான். சாதாரண இலை 280 ரூபாய், எனக்கு 450. சரி, தனிப் பாத்திரம், தனி ஆள், நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தியில் உட்கார்ந்ததும் ஒரு பையன் ரொம்ப மரியாதையாக வந்து என் இலையில் இரண்டு சப்பாத்தி வைத்தான். “எண்ணெய் விடாம போட்டதுக்கா, டயட் இலை உங்களுக்குத்தானே?” என்றான். பக்கத்தில் இருந்த சித்தப்பா, “குடுத்து வச்சவ, எங்களுக்கெல்லாம் வெறும் சோறுதான்” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த இலையை எடுக்கச் சொல்லிவிட்டு, காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு விட்டேன். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். “அடடா, பையன் மாத்தி வச்சுட்டான் மேடம். உங்களுக்குன்னு கேப்பை தோசை ஊத்தச் சொல்லியிருக்கேன். சுத்தமான கேப்பை. அஞ்சே நிமிஷம்.”

கேப்பையில் குளூட்டன் கிடையாது. தோசை வந்தது, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, கிழியாமல் வட்டமாக. சின்ன வெங்காயச் சட்னியோடு மூன்று சாப்பிட்டேன். வீட்டில் நான் ஊற்றுகிற கேப்பை தோசை பாதி கல்லோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும். இவர் கைப்பக்குவம் பார் என்று மனசுக்குள் பாராட்டினேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. ராத்திரி முழுக்கக் கழிவறையிலேயே போனது. அடுத்த இரண்டு நாளில் வாயெல்லாம் புண், படிக்கட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது, பேச எடுத்த வார்த்தை பாதியில் மறந்துபோனது. தம்பி அந்தத் தோசை மாஸ்டரின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டான். அவர் ஒளிக்கவே இல்லை. “கேப்பை மட்டும் போட்டா பிஞ்சு போகும் தம்பி. அதான் ஒரு கை மைதா போட்டேன். கோதுமைதானே ஆகாதுன்னாங்க, மைதாவுல ஏது கோதுமை?”

மாஸ்டர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கோதுமை ஆகாது என்பதற்கு மேல் அவருக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. காண்ட்ராக்டரிடம் பேசியபோதுதான் ரத்தம் கொதித்தது. “ஒரு கை மைதா எல்லாருக்கும் போடறதுதான் மேடம். மூணு தோசையில எவ்வளவு வந்துடப் போகுது? வெயிலுக்குச் சூடு பிடிச்சிருக்கும், மோர் குடிங்க.” தனி இலை என்று 450 வாங்கினீர்களே என்றதற்கு, “அதுக்குத்தான் எண்ணெய், சர்க்கரை இல்லாம பண்ணிக் குடுத்தோமே” என்றார். தம்பி பில்லை எடுத்துப் பார்த்தான். அதில் எழுதியிருந்தது: சுகர் இலை - 1. போனில் குளூட்டன் என்று அத்தனை தெளிவாகச் சொன்ன மனிதர், அது சர்க்கரைக்கு இன்னொரு பெயர் என்றே கடைசி வரை நினைத்திருக்கிறார்.

கொஞ்சம்தானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. குளூட்டன் இல்லாதது என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால், நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஒரு கிலோ பொருளில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கோதுமை மாவின் எடையில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன்தான். மாஸ்டரின் ஒரு கை என்பது ஐம்பது கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதில் நாலாயிரம் மில்லிகிராமுக்குக் குறையாது. கூடவே, அந்தக் கல்லில் எனக்கு முன்னால் என்ன வெந்தது என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

இந்த மைதா சங்கதி அந்த மாஸ்டரோடு நிற்பதில்லை. மைதாவும் ரவையும் கோதுமையிலிருந்து வருகின்றன என்பது நன்றாகப் படித்தவர்களுக்கே தெரியவில்லை. கோதுமை என்றால் நம் மக்களுக்குப் பழுப்பு நிறத்தில் சப்பாத்தி மாவு, அவ்வளவுதான். வெள்ளையாக இருந்தால் அது வேறு ஜாதி. ஆகையால் ரவா இட்லி “இட்லிதானே”, கடையில் வாங்கிய சேமியாவில் வைத்த பாயசம் “பாலும் சர்க்கரையும்தானே”. ஒரு வீட்டில் எனக்காகவே என்று கேசரி கிண்டி வைத்திருந்தார்கள். அந்த அம்மா முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்வதைவிடப் பெரிய கஷ்டம் இந்த நோயில் கிடையாது.

அதைவிட மோசம் பெருங்காயம். நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் காரம் தாங்காது என்பதால் மாவும் கருவேலம் பிசினும் சேர்த்து விற்கிறார்கள். உங்கள் வீட்டு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பல கம்பெனிகளில் அந்த மாவு மைதாதான். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும். சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அப்பளம் என்று பெருங்காயம் நுழையாத இடம் எது? அன்றைக்கு என் இலையில் மைதா தோசை விழாமல் இருந்திருந்தாலும் ரசத்தில் மாட்டியிருப்பேன்.

சிறுதானிய மோகம் இன்னொரு பொறி. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கடையெங்கும் தினை நூடுல்ஸ், கேப்பை சேமியா. முன்பக்கம் கேப்பைக் கதிர் படம், பின்பக்கம் பொடி எழுத்தில் பாதிக்கு மேல் கோதுமை மாவு. வீட்டில் அரைத்தது என்று வாட்ஸப்பில் விற்பவர்களிடமும் ஒருமுறை ஏமாந்தேன். மாவு நல்ல மாவுதான். ஆனால் அரைத்தது தெரு மில்லில், கோதுமைக்கு அடுத்தபடியாக. மிளகாய் அரைத்த மிஷினில் அடுத்து அரிசியைக் கொட்ட எந்த அம்மாவாவது சம்மதிப்பாரா? கோதுமைக்கு அந்த ஜாக்கிரதை யாருக்கும் வருவதில்லை, அதில் காரம் தெரியாதே.

இதெல்லாம் பணக்கார வியாதி, புது ஃபேஷன் என்பவர்களும் உண்டு. வில்லம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் கோதுமைதான் காரணம் என்று ஆராய்ந்து எழுதியது 1950-இல். போர்க்காலத்தில், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில், ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோய்க் குழந்தைகள் தேறியதை அவர் கவனித்திருந்தார். ஊரே பட்டினி கிடந்த காலத்தில் வலுப்பட்ட விஷயத்தை ஃபேஷன் என்றால் என்ன சொல்வது?

இனி யாரிடமும் “குளூட்டன் இருக்கா?” என்று கேட்காதீர்கள். எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். “மாவு என்னென்ன சேர்த்தீங்க? பெருங்காய டப்பாவைக் காட்டுங்க. இதே எண்ணெயில சமோசா பொரிச்சீங்களா? இதே கல்லுல பரோட்டா போட்டீங்களா?” என்று கேளுங்கள். காண்ட்ராக்டரோடு பேசினால் போதாது, கரண்டி பிடிப்பவரிடம் பேச வேண்டும். சொன்னதை வாட்ஸப்பில் எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கி வையுங்கள். நான் வாய்ப்பேச்சோடு விட்டதால் இப்போது கையில் இருப்பது சுகர் இலை என்ற பில் மட்டும்தான். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அந்தப் பில்லை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

இதைப் படித்துவிட்டு, எனக்கும் இப்படித்தான் இருக்கிறதே என்று இன்றைக்கே கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தியபின் எடுத்தால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் டாக்டர், அப்புறம்தான் பத்தியம்.

இரண்டு வாரம் இழுத்தடித்து, கூடுதலாக வாங்கிய 170 ரூபாயைக் காண்ட்ராக்டர் ஜிபேயில் தம்பிக்கு அனுப்பிவிட்டார். மருந்துச் செலவு பற்றிப் பேச்சில்லை. அடுத்த மாதம் கும்பகோணத்தில் அத்தை மகள் கல்யாணம். அங்கே சமைப்பவரிடம் நேரில் போய்ப் பேசினேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டு, “பெருங்காய டப்பாவை மட்டும் நீங்களே கொண்டு வந்துடுங்கம்மா, எனக்கு எது நல்லதுன்னு தெரியல” என்றார். அரிசி மாவு போட்ட பெருங்காயம் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். கூடவே டிபன் கேரியரையும் பரணிலிருந்து இறக்கிக் கழுவியாகிவிட்டது.