வீட்டுச் சாமான் ஏற்ற லோரி தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்

1,450 மலேசிய வெள்ளி (ரிங்கிட்). பேசிய வாடகைக்கு மேல், எங்கள் சொந்தச் சாமான்களை எங்களிடமே ஒப்படைப்பதற்காக ஓர் ஆள் பறித்துக்கொண்ட பணம். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். பெயரை இங்கே போடவில்லை. போட்டால் அவதூறு என்று என் மேலேயே திருப்பிவிடுவார்கள். பழைய பொருள் வாங்கி விற்கிற ஒரு செயலியில், தீபகற்பம் முழுவதும் வீடு மாற்றித் தருவதாக விளம்பரம் செய்கிற லோரிச் சேவை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கணவருக்குப் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்தது. ஜொகூர் பாருவிலிருந்து குடும்பத்தோடு கிளம்பினோம்: நாங்கள் இருவர், மாமியார், நான்காம் ஆண்டு படிக்கும் மகள். இருப்பதோ ஒரு மைவி கார். நாங்கள் ஏறி, துணிப்பைகளும் சாமி படங்களும் ஏறிய பிறகு ஒரு குடைக்குக்கூட இடமில்லை. மற்றதெல்லாம் லோரியில்தான் போக வேண்டும்.

பலரிடம் விலை கேட்டோம். இந்த லோரிக்காரர் சொன்ன 1,800 வெள்ளி மலிவுகூட இல்லை. ஆனால் ஊர்ப் பெயரைச் சொன்னதும், “சுங்கை சிப்புட்டா? அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊராயிற்றே! என் அம்மா அங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்தான் அக்கா” என்றார். மாமியாரும் பால் மரம் வெட்டியவர். போனை வாங்கி எந்தத் தோட்டம், எந்த லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை), மண்டோர் (மேற்பார்வையாளர்) யார் என்று ஆரம்பித்துவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றுக்கும் “ஆமாம் பாட்டி, அவரேதான் பாட்டி.” அவராக ஒரு பெயரும் சொல்லவில்லை, மாமியார் சொன்ன பெயர்களுக்கெல்லாம் ஆமாம் போட்டார் என்பது இப்போதுதான் உறைக்கிறது. இங்கே வந்து அந்தப் பழைய தோட்டத்து ஆட்களிடம் விசாரித்தால் அப்படி ஒரு குடும்பத்தை யாருக்கும் தெரியவில்லை.

சாமான் ஏற்றும் நாளில் அவரே வந்தார். மாமியாரின் அம்மிக்கல்லைப் போர்வையில் சுற்றி, “கல்தானே என்று போட்டுவிட மாட்டோம் பாட்டி” என்றார். மாமியார் கண் கலங்கிவிட்டார். முன்பணமாக 900 ஏற்கெனவே போயிருந்தது. டீசல், டோல் என்று மீதி 900-ஐயும் அங்கேயே கேட்டார். கொடுத்தோம். முத்திரை குத்திய ரசீதும் தந்தார். மறுநாள் காலை லோரி வாசலில் நிற்கும் என்றார்.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 500 கிலோமீட்டருக்கு மேல். தாப்பாவில் சாப்பிட்டு, ஈப்போ வடக்கில் இறங்கி, முதலாம் கூட்டரசுச் சாலையில் வந்து சேர்ந்தோம். அந்தப் பயணத்தில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை வாசலில் எதுவும் நிற்கவில்லை. லோரி தஞ்சோங் மாலிமில் பழுதாகி நிற்கிறது என்றார். பிறகு உதிரிப்பாகம் வரவில்லை என்றார். பிறகு ஓட்டுநர் போனை எடுக்கவில்லையாம். “இதோ கிளம்பிவிட்டார்கள் அக்கா” என்ற குரல் செய்தி மட்டும் தினமும் தவறாமல் வந்தது. வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தோம். பக்கத்து வீட்டு அக்கா பாயும் சோற்றுப் பானையும் கொடுக்காவிட்டால் மாமியாரின் இடுப்பு என்ன ஆகியிருக்குமோ. மகளின் பள்ளிச் சீருடையும் லோரியில்தான் இருந்தது. புதிய தமிழ்ப்பள்ளிக்கு முதல் நாள் பூப்போட்ட சட்டையில் போனாள்.

அப்புறம்தான் கணக்கு வந்தது. பாரம் அதிகம் என்று சாலைப் போக்குவரத்து இலாகா பிடித்துவிட்டதாம், அபராதம் 800. சாமான்களைக் கிடங்கில் இறக்கி வைத்ததற்கு 400. மறுபடி ஏற்றக் கூலி 250. மொத்தம் 1,450 வெள்ளி கட்டினால்தான் லோரி நகரும். சம்மனின் படத்தை அனுப்புங்கள் என்றேன். முதலாளியிடம் இருக்கிறது என்றார். அதுவரை அவரே முதலாளி! அன்றிலிருந்து அக்காவும் இல்லை, தமிழும் இல்லை. மலாயில் இரண்டு சொல், அதற்குள் போன் துண்டிக்கப்பட்டுவிடும். எங்கள் கட்டிலும் ஐஸ்பெட்டியும் அவர் கையில். வேறு வழியில்லாமல் 1,450 வெள்ளியை அனுப்பினோம். பணம் போன கணக்கில் இருந்தது அவர் பெயரும் இல்லை, நிறுவனப் பெயரும் இல்லை.

நள்ளிரவுக்கு மேல் வேறொரு சின்ன லோரி வந்தது. வந்த இளைஞர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மழையில் சாலையோரமாக எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். சலவை இயந்திரத்தையும் மகளின் புத்தகப் பெட்டியையும் காணோம். அம்மிக்கல் மூலை உடைந்து வந்தது. சுற்றிய போர்வையும் போயிற்று, அதுவும் எங்கள் போர்வைதான்.

போலீஸ் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்டார்கள். சாமான் வந்து சேர்ந்துவிட்டதே, இது வாடகைத் தகராறு மாதிரி இருக்கிறது, பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள் என்றார்கள். அந்த ஆள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவின் போனிலிருந்து அழைத்தேன். எடுத்தார், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பணம் அனுப்பும் முன் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் மோசடிப் புகார் உள்ளதா என்று காட்டும் போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பாருங்கள். தனியாள் கணக்குக்கு அனுப்பாதீர்கள். மீதிப் பணம் சாமான் இறங்கிய பிறகுதான். லோரியின் எண்பலகையைப் படம் எடுங்கள், சாமான் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். சீருடை, மருந்து, பிறப்புப் பத்திரம் எல்லாம் உங்கள் காரிலேயே வரட்டும். மோசடி என்று தெரிந்து பணம் போய்விட்டால் உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997-ஐ அழையுங்கள்.

நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. 1,450 வெள்ளிக்கும் சலவை இயந்திரத்துக்கும் சேர்த்துக் கோரிக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். இதே மாதிரி “ஆமாம் பாட்டி” கேட்டவர்கள் யாராவது இருந்தால் ரசீதோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விலையை 1,600 ஆகக் குறைத்திருக்கிறார்.