பூஸ்டருக்குப் பின் எதிர்ப்பான் அளவு: குருதியா, உமிழ்நீரா?

மூளையுறை அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் சி கிருமிக்கு எதிராகக் குழந்தைப் பருவத்தில் தடுப்பூசி பெற்ற பிள்ளைகளுக்குப் பதின்பருவத்தில் பூஸ்டர் (ஊக்கத் தவணை) போட்டபின், எதிர்ப்பான்கள் எவ்வளவு காலம் நிலைக்கின்றன என்பதைக் கண்காணிக்க எங்கள் குழு குருதியைவிட உமிழ்நீரையே முதன்மையாகத் தேர்ந்தது. அந்தத் தேர்வு சரியானதென்றே இன்றும் கருதுகிறேன்.

குருதி எடுப்பதில் ஊசியின் வலி, பயிற்சி பெற்ற செவிலியரின் தேவை ஆகிய குறைகள் எல்லோரும் அறிந்தவை. குருதியின் உண்மையான வலிமை வேறு. எதிர்ப்பான்களோடு சேர்ந்து கிருமியைக் கொல்லும் நிரப்புப் புரதத்தை முயலிடமிருந்து எடுத்துச் சேர்த்து, சீரம் (குருதியணுக்கள் நீக்கிய தெளிநீர்) கிருமியைக் கொல்லும் திறனை அளக்கும் சோதனையில் 8 அல்லது அதற்கு மேற்பட்ட அளவே (அதாவது, எட்டு மடங்கு நீர்த்த பின்னும் சீரம் கிருமியைக் கொல்வதே) பாதுகாப்பின் அடையாளமாக ஏற்கப்பட்டுள்ளது. ஆகவே, ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டால், குருதிதான் விடை தரும்.

ஆனால் ஒரு தலைமுறையின் எதிர்ப்பாற்றல் எப்படித் தேய்கிறது என்பதே கேள்வியானால் நிலைமை மாறுகிறது. நெதர்லாந்தில் 2002-இல் 14 மாதக் குழந்தைகளுக்கு ஒரே தவணையாக இத்தடுப்பூசி அறிமுகமாகி, 18 வயது வரையிலானோருக்கும் அவ்வாண்டே போடப்பட்டது. பின்னர் அங்கே 10, 12, 15 வயதினருக்குப் பூஸ்டர் போட்டு ஆராய்ந்தபோது, உமிழ்நீரில் ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்பான் வகையின் அளவு சீரத்தின் அளவை நெருக்கமாகப் பின்தொடர்ந்தது. ஐஜிஏ (IgA) என்ற மற்றொரு வகை அவ்வளவு நெருக்கமாக இல்லை. இதற்குக் காரணம் எளிது: ஐஜிஜி பெரும்பாலும் குருதியிலிருந்து ஈறின் இடுக்கு வழியாகக் கசிந்து வருகிறது, ஐஜிஏ உமிழ்நீர்ச் சுரப்பிகளிலேயே உருவாகிறது.

உமிழ்நீரின் வெற்றியும் தோல்வியும் சேகரிக்கும் முறையில்தான் இருக்கின்றன. அதில் ஐஜிஜி சீரத்தில் உள்ளதன் மிகச் சிறிய பங்குதான் என்பதால், சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். வாயில் ஊறியதைத் துப்பச் சொன்னால் சுரப்பிநீர் கலந்து ஐஜிஜி நீர்த்துப்போகும். ஈறின் ஓரமாகப் பஞ்சுக்குச்சியை மெதுவாகத் தேய்த்தால் நமக்கு வேண்டிய கசிவுநீர் கிடைக்கும். இந்த வயதில் பலர் பல்லில் கம்பி கட்டியிருப்பார்கள். ஈறு இரத்தம் கசிந்து மாதிரி இளஞ்சிவப்பாக மாறினால், அதிலுள்ள ஐஜிஜி குருதியிலிருந்து நேரடியாகக் கலந்ததாகிவிடும் என்பதால், அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு மறுநாள் எடுக்க வேண்டும். உண்டவுடன் எடுக்கக் கூடாது. எடுத்ததும் பனிக்கட்டியில் வைத்து, விரைவில் உறையவைக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகும் சுரப்பின் வேகம் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறுவதால், கிருமிக்குரிய ஐஜிஜியை அதே மாதிரியின் மொத்த ஐஜிஜிக்கான விகிதமாகக் கணக்கிடுவதே நேர்மையான வழி.

ஐஜிஏ பற்றி நான் உறுதியாகப் பேச மாட்டேன். எங்கள் அனுபவம் ஐஜிஜியோடு நின்றுவிட்டது. குருதியை முழுவதும் கைவிடுவதையும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு சிறு குழுவினரிடமிருந்து ஒரே நாளில் இரண்டையும் எடுத்தால், உமிழ்நீர் அளவுகள் சீரத்தின் எந்த அளவுக்கு இணையானவை என்று ஒப்பிட்டு அறியலாம். மற்ற பிள்ளைகளிடம் ஊசியின்றியே மீண்டும் மீண்டும் அளந்து கொள்ளலாம்.