காசு கேட்காத பொருளாதாரத் தேடுதளங்கள்: ரீபெக்கா, ஸ்காலரா, எக்கான்பிஸ்ஸா?

பொருளாதார ஆய்வுக் கட்டுரைகளைத் தேட அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் எக்கான்லிட் நல்ல தளம்தான். ஆனால் நூலகம் சந்தா கட்டியிருக்க வேண்டும். கட்டாத கல்லூரியில் ஆய்வு தொடங்குகிறவர் கூகுள் ஸ்காலரைத் திறக்கிறார், பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறார். வேறு பல துறைகளில் என்றால் சரி, வழியில்லை. பொருளாதாரக்காரர்களோ 1990களிலேயே தங்களுக்கென்று ஒன்றைக் கட்டிவைத்துவிட்டார்கள்.

அதுதான் ரீபெக். தாமஸ் கிரிகெலும் சில சகாக்களும் 1997இல் தொடங்கியது. பெரிய அலுவலகம், சம்பளப் பட்டியல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆய்வுத்தாள்களின் விவரத்தை, ஒப்புக்கொண்ட ஒரே வடிவத்தில், தன் சர்வரிலேயே வைக்கிறது. ரீபெக் அவற்றைத் திரட்டிக்கொள்கிறது. உலக அளவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இப்படித் தருகின்றன; சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் வொர்க்கிங் பேப்பர்களும் (இதழில் அச்சாகுமுன் வெளியிடும் முன்வடிவங்கள்) அதில் உண்டு. வெளியிட்டவரே விவரம் தருவதால் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் போன்றவற்றில் பிழை குறைவு.

இந்தத் தரவுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று ஐடியாஸ், செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி நடத்துவது. மற்றொன்று எக்கான்பேப்பர்ஸ், ஸ்வீடனின் ஓரெப்ரோ பல்கலைக்கழகத்தில் இருப்பது. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே என்பதால் இரண்டிலும் மாறி மாறித் தேடுவது வெட்டி வேலை. நான் ஐடியாஸ் பக்கம்.

ஏன் என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். நியூ ஜெர்சியில் 1992இல் குறைந்தபட்ச ஊதியத்தை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது துரித உணவகங்களில் வேலை குறைந்ததா என்று டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 1993இல் என்பிஇஆர் என்ற அமெரிக்கப் பொருளாதார ஆய்வு அமைப்பின் வொர்க்கிங் பேப்பராக வந்தது, 1994இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் கட்டுரையாக வந்தது. ஐடியாஸில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்பும் உண்டு. எது முன்வடிவம், எது அச்சான வடிவம் என்ற குழப்பம் வராது. அதே பக்கத்தில் கட்டுரை யாரை மேற்கோள் காட்டியது, யார் இதை மேற்கோள் காட்டினார்கள் என்ற பட்டியலும் இருக்கும். நியூமார்க், வாஷர் இருவரும் 2000இல் அதே இதழில் எழுதிய மறுப்பைத் தேடிப்போக அந்தப் பட்டியல் வசதியானது.

ஸ்காலரும் பல வடிவங்களைச் சேர்த்துக் காட்டும்தான். ஆனால் அங்கே சேர்ப்பது இயந்திரம். யாரோ ஒரு பேராசிரியர் தன் வகுப்புப் பக்கத்தில் போட்ட பிடிஎஃப்பும் அதே வரிசையில் நிற்கும். அதுவே அதன் பலமும். இதழின் தளத்தில் காசு கேட்கும் கட்டுரைக்கு எங்கோ ஒரு இலவசப் பிரதி கிடக்கிறதென்றால், அதைக் கண்டுபிடிக்க ஸ்காலரைப்போல் வேறில்லை. கட்டுரையின் உள்ளே வரும் சொல்லையும் அது தேடும். ஐடியாஸ் பெரும்பாலும் தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் அளவில் நின்றுவிடும்.

மேற்கோள் எண்ணிக்கையில் இரண்டும் ஒத்துப்போகவே போகாது. ஸ்காலர் ஆய்வேடு, அறிக்கை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். ரீபெக்கின் மேற்கோள் எண்ணும் சேவையான சைட்டெக், ரீபெக்குக்குள் இருக்கும் தாள்களில் எவற்றின் மேற்கோள் பட்டியலை எடுக்க முடிந்ததோ அவற்றை மட்டும் எண்ணும். முதலாவது ஊதியிருக்கும், இரண்டாவது குறைவாயிருக்கும். ஆய்வேட்டில் ஒரு எண்ணைப் போடுவதானால் எந்தத் தளம் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

புத்தகம் என்று வந்தால் இரண்டுமே எனக்குத் திருப்தியில்லை. அங்கே ஜெர்மனியின் இசட்பிடபிள்யூ நூலகம் நடத்தும் எக்கான்பிஸ்தான். நூலகர்கள் பொருள்வாரியாகத் தலைப்புச் சொல் கொடுத்துச் சேர்த்த பட்டியல் அதன் முதுகெலும்பு. பழைய நூல்கள், தொகுப்பு நூல்களில் வந்த கட்டுரைகள் இங்கே அகப்படும். ஆனால் பல பதிவுகளில் விவரம் மட்டுமே இருக்கும், முழு உரை இருக்காது. முழு உரைக்கு அதே நூலகத்தின் எக்கான்ஸ்டோர் இருக்கிறது.

வேளாண் பொருளாதாரத்தில் ஆய்வு செய்கிறவர் மேலே சொன்ன எதையும் தொடுமுன் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஏஜ்எக்கான் சர்ச்சுக்குப் போகலாம். 1995 முதல் இருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் முழு உரை. இந்தியன் ஜர்னல் ஆஃப் அக்ரிகல்ச்சுரல் எகனாமிக்ஸ் அங்கே இருப்பது ஒன்றே நம்மவர்களுக்குப் போதும். முன்வடிவத் தாள்களை வைக்கும் இன்னொரு தளமான எஸ்எஸ்ஆர்என் 2016இல் எல்செவியர் பதிப்பகத்தின் கைக்குப் போய்விட்டது. நிதி, சட்டம் சார்ந்த தாள்களுக்கு இன்னும் உதவும், மற்றபடி நான் தேடிப் போவதில்லை.

ரீபெக்கில் ஒரு தாள் இருக்கிறது என்பதற்காக அதை யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மியூனிக்கிலிருந்து நடக்கும் எம்பிஆர்ஏ என்ற தாள் களஞ்சியத்தில் ஆசிரியரே தன் தாளை ஏற்றிக்கொள்ளலாம். அதுவும் ஐடியாஸில் மற்ற தாள்களோடு கலந்தே வரும். தலைப்புக்குக் கீழே எந்த இதழில் அல்லது எந்த நிறுவனத்தின் தாள்தொடரில் வெளியானது என்று ஒரு முறை பார்த்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள்.

தேடவே சோம்பலாக இருப்பவர்களுக்கு ரீபெக்கின் நெப் சேவை. வேளாண்மை, தொழிலாளர், வளர்ச்சி என்று துறைவாரியாகத் தன்னார்வலர்கள் புதிய வொர்க்கிங் பேப்பர்களைப் பொறுக்கி மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். உங்கள் துறைக்கு ஒன்று, பக்கத்துத் துறைக்கு ஒன்று என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் பெயர் கொடுத்தால் ஒன்றையும் திறக்க மாட்டீர்கள்.