ஒன்பதாம் வகுப்பிலேயே நீட் பயிற்சியா? சேலத்துப் பெற்றோர் முன் நிற்கும் மூன்று வழிகள்

அஸ்தம்பட்டியில் மாலை வேளைகளில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் என்னிடம், எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையின் பெற்றோர் ஆண்டுதோறும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். பிள்ளையை, பள்ளிப் பாடத்தோடு நுழைவுத்தேர்வுப் பயிற்சியும் சேர்த்துத் தரும் விடுதியோடு கூடிய ஒருங்கிணைந்த பயிற்சிப் பள்ளிக்கு மாற்றுவதா, இருக்கும் பள்ளியிலேயே விட்டு, நுழைவுத்தேர்வுக்கு முன்கூட்டியே தயார்படுத்தும் ஃபவுண்டேஷன் வகுப்புக்கு மாலையில் அனுப்புவதா, பத்தாம் வகுப்பு வரை பாடநூலை மட்டும் ஊன்றிப் படிக்கவைத்துப் பதினொன்றில் பயிற்சியைத் தொடங்குவதா என்பதே அந்தக் கேள்வி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றாவது வழியே பொருந்தும் என்பது என் கருத்து.

முதலில், எந்தத் தேர்வு என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பொறியியல் கல்லூரிகளில் கலந்தாய்வு வழியாகச் சேர நுழைவுத்தேர்வே கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பின் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 எனக் கணக்கிடப்படும் 200-க்கான கட்ஆஃப் போதும். என்ஐடி, ஐஐடி என்றால் ஜேஇஇ, மருத்துவம் என்றால் நீட். இதைக் கேட்காமலேயே பணம் கட்டிவிட்டு வருவோரும் இருக்கிறார்கள்.

நீட் தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறான விடைக்கு 1 கழியும். ஆகவே, தெரிந்த கணக்கைக் கவனக்குறைவால் தவறவிடும் மாணவர் இழப்பது நான்கு அல்ல, ஐந்து மதிப்பெண்கள். அப்படிப் பத்து பிழைகள் நேர்ந்தால் ஐம்பது போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் சராசரியாக வினாவுக்குக் கால் மதிப்பெண்தான் தேறும், ஆனால் நான்கில் இரண்டு விடைகளைக் காரணத்தோடு விலக்கத் தெரிந்தவருக்கு அதுவே ஒன்றரை ஆகிறது. கால்குலேட்டர் இல்லாமல் பின்னங்களையும் பத்தின் அடுக்குகளையும் அலகுகளையும் கையாளும் வேகமும், பொருந்தாத விடையை விலக்கும் பழக்கமும் பதினான்கு வயதிலேயே வளர்க்கக்கூடியவை. மதிப்பெண்ணை முன்கூட்டியே உயர்த்துவது என்றால் அதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

விடுதிப் பள்ளியில் ஒழுங்கான நேரமும் அடிக்கடி தேர்வும் கிடைக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை அங்கே மாற்றும்போது ஒரு பெரிய இழப்பு ஓசையில்லாமல் நேர்ந்துவிடுகிறது. 2020-இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 விழுக்காடு மருத்துவ உள்ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது; ஒன்பதில் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு அந்தக் கதவு மூடிவிடும். நம் ஊரிலேயே இருக்கும் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஓர் இடம் வாங்க, அந்த ஒதுக்கீட்டில் தேவைப்படும் மதிப்பெண் பொதுப்பிரிவுக்குத் தேவைப்படுவதைவிடக் கணிசமாகக் குறைவு. இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ கட்டி அதைத் துறப்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

மாலை வகுப்பின் தரம் நடத்துபவரைப் பொறுத்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒன்பதிலேயே ஓட்டிக்காட்டும் வகுப்பில், வெக்டர் என்ற சொல் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், இருபடிச் சமன்பாடு தடுமாறும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்து, இருட்டிய பிறகு மலையேறும் பிள்ளைக்கு அந்த வகுப்பைவிடத் தூக்கமே அதிகம் பயன்தரும். பத்தாம் வகுப்புக் கணக்கு முழுவதும் கைவசமாகி, ஜேஇஇ-யில் உண்மையான ஆர்வமும் உள்ள மாணவருக்கு மட்டும் நான் இந்த வழியைச் சொல்வேன்.

மூன்றாவது வழியைச் சும்மா இருப்பது என்று எண்ணிவிடக் கூடாது. இயக்க விதிகள், ஒளியியல், மின்னோட்டவியல், மோல் கணக்கு ஆகியவை பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலேயே இருக்கின்றன. முக்கோணவியல் கணித நூலில் இருக்கிறது. நீட் வினாக்கள் 11, 12-ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து வந்தாலும், இயற்பியலின் 45 வினாக்களில் பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இந்த அடித்தளம் ஆடுவதால்தான். தினம் நாற்பது நிமிடம் கணக்கு, வாரம் ஒருமுறை நேரம் குறித்து முப்பது கொள்குறி வினாக்கள், தவறியவற்றை 'தெரியாதது', 'தெரிந்தும் தவறியது' என்று பிரித்தெழுத ஒரு நோட்டு ஆகியவை போதும். 'தெரிந்தும் தவறியது' பக்கத்தில் பதிவுகள் குறையத் தொடங்கும் வரை எந்தப் பயிற்சி மையமும் தேவையில்லை.

இவற்றுக்கெல்லாம் பதிலாக, பன்னிரண்டு முடித்து ஓராண்டு திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்போரும் உண்டு. நீட்டுக்கு முயற்சி வரம்பு இல்லை என்பதால் அது முடியும். ஆனால் ஐஐடி-யில் சேர எழுதும் ஜேஇஇ அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இருமுறைதான் எழுதலாம்.

எப்படியும் மாலை வகுப்பில்தான் சேர்ப்பது என்று முடிவெடுத்துவிட்டால், பணம் கட்டும் முன் ஒன்பதாம் வகுப்புக்கான கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். அதில் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்குக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.