ஃபைப்ராய்டு கட்டி: லேப்ராஸ்கோபியா, எம்போலைசேஷனா?

ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையில் வளரும், பொதுவாகப் புற்றுநோய் அல்லாத தசைக்கட்டி. கர்ப்பப்பையை எடுக்காமலே அதைச் சரிசெய்ய முடியும் என்று தெரிந்ததும் அடுத்த குழப்பம் வருகிறது: இரண்டு வழிகளில் எது?

செய்முறை
லேப்ராஸ்கோபி: வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கட்டியை வெட்டியெடுத்து, கர்ப்பப்பைச் சுவரைத் தைப்பார்கள். முழு மயக்கம் தேவை.
எம்போலைசேஷன்: தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நுண்துகள்களால் கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைப்பார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டாம்.

வலி, ஓய்வு
லேப்ராஸ்கோபி: வழக்கமாக 2 முதல் 4 வாரம் ஓய்வு.
எம்போலைசேஷன்: 1 முதல் 2 வாரம் ஓய்வு. ஆனால் முதல் நாள் வலி கடுமையாக இருக்கும். "ஊசி மாதிரிதான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; வலி மருந்து பற்றி முன்பே பேசிவிடுங்கள்.

பலன்
லேப்ராஸ்கோபி: கட்டி அன்றே வெளியே வந்துவிடும், திசுவைப் பரிசோதிக்கலாம். புதுக் கட்டிகள் பின்னால் வரலாம்.
எம்போலைசேஷன்: கட்டி மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். பரிசோதிக்கத் திசு கிடைக்காது. மறுசிகிச்சைக்கான வாய்ப்பு சற்று அதிகம்.

குழந்தை வேண்டும் என்றால் என் சாய்வு லேப்ராஸ்கோபி பக்கம்தான். தையல் ஆற சில மாதம் பொறுக்க வேண்டும். அப்புறம் பிரசவம் சிசேரியனாக அமையலாம். குழந்தைத் திட்டம் இல்லை, கட்டிகள் பல, மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் எம்போலைசேஷன் பொருந்தும். கட்டி கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால், வயிற்றில் துளையே போடாமல் பிறப்புறுப்பு வழியே கருவியைச் செலுத்தி அகற்றும் ஹிஸ்டரோஸ்கோபி முடியுமா என்று முதலில் கேளுங்கள்.