ஊரில் குடித்த பாக் பீர்: காய்ச்சியதில் குறையில்லை, ஊற்றியதில்தான்

இந்த முறை ஊருக்குப் போனபோது வங்கி வேலை, பாஸ்போர்ட் வேலை எல்லாம் பெரிய அலைச்சல் இல்லாமல் முடிந்தன. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது ஒரு மைக்ரோபிரூவரியை, அதாவது தானே பீர் காய்ச்சி விற்கும் சின்ன இடத்தை, பற்றி. சித்தப்பா மகன்தான் கூட்டிப்போனான். வாசலில் இருந்த பலகையில் கோதுமை பீர், ஸ்டவுட் இவற்றுக்குக் கீழே ‘பாக்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

காரணம் இருக்கிறது. ஏல் வகை பீரைச் சில வாரங்களில் முடித்துக் குழாய்க்குக் கொண்டுவந்துவிடலாம். பாக் அப்படியில்லை, அது லாகர். அடியில் தங்கும் ஈஸ்ட்டை வைத்து, 10 டிகிரியை ஒட்டிய குளிரில் மெதுவாகப் புளிக்கவிட வேண்டும். அதன்பிறகு உறைநிலைக்குச் சற்று மேலே வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், முதிரவிட வேண்டும். அவ்வளவு நாளும் ஒரு டேங்க் அடைபட்டுக் கிடக்கும், அதைக் குளிரில் வைத்திருக்க மின்சாரமும் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு டேங்க் வைத்திருக்கும் சின்ன இடம் இதற்குத் துணிவது சாதாரணமில்லை.

உள்ளே வரவேற்பு நன்றாக இருந்தது. மேசைக்கு வந்த பையன் கேட்பதற்கு முன்பே சொன்னான்: “சார், பாக் கொஞ்சம் ஸ்ட்ராங். ஆறரை பர்சென்ட் கிட்ட வரும். வண்டியில வந்திருக்கீங்களா?” வாடகைக் காரில் வந்தோம் என்ற பிறகுதான் ஆர்டரைக் குறித்துக்கொண்டான். நான் குடியிருக்கும் மியூனிக்கில்கூட எல்லா இடத்திலும் இப்படிக் கேட்க மாட்டார்கள். முழுக் கிளாஸ் வாங்குவதற்கு முன் ருசி பார்க்கச் சின்னக் கிளாஸில் கொஞ்சம் தருவோம் என்றும் அவனாகவே சொன்னான்.

ஆனால் பீர் வந்தது ஃபிரீசரில் வைத்த மக்கில். கண்ணாடியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது. உள்பக்கம் படிந்திருந்த பனி கரைந்து பீரில் கலந்துகொண்டிருந்தது. முகர்ந்தால் வாசமே இல்லை, நாக்கில் குளிர் மட்டும் தெரிந்தது. எத்தனையோ வாரம் பொறுத்துச் செய்த பீரைக் கடைசி அரை நிமிடத்தில் இப்படி ஊமையாக்கிவிட்டார்களே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

பாக் பீரின் உயிர் மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தில், இருக்கிறது. ஹாப்ஸ் என்ற பூ தரும் கசப்பு, இனிப்பு திகட்டாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்குத்தான். அந்த மால்ட் வாசம் எழ 8 முதல் 10 டிகிரி வரையாவது வேண்டும். “தம்பி, ஃபிரீசர்ல வைக்காத சாதா கிளாஸ் இருந்தா அதுல ஊத்திக் குடுங்களேன்” என்றேன். அவன் முகம் சுளிக்கவில்லை. “எல்லாரும் ஐஸ் மாதிரி இருக்கணும்னுதான் சார் கேட்பாங்க” என்று சொல்லிவிட்டு வேறு கிளாஸ் எடுத்து வந்தான், பின்னாலேயே பீர் காய்ச்சுபவரையும் கூட்டி வந்தான்.

இந்த முறை ஊற்றியதைப் பொறுமையாகப் பார்த்தேன். செம்பு நிறம், அடிவரை தெளிவு. வெள்ளைக்குக் கொஞ்சம் மங்கலான நுரை, கலையாமல் நின்றது. குடிக்கக் குடிக்க அது கண்ணாடியில் வளையம் வளையமாகப் படிந்தது. கிளாஸ் சுத்தமாகக் கழுவப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சோப்போ எண்ணெயோ மிச்சமிருந்தால் நுரை சரிந்துவிடும், குமிழிகள் பக்கச் சுவரில் கொத்துக் கொத்தாக ஒட்டும். இங்கே ஒன்றுகூட ஒட்டவில்லை. கழுவுகிற இடத்தில் நிற்பவர்களுக்கு என் வணக்கம்.

வாசம், பதமாகச் சுட்ட ரொட்டியின் சிவந்த மேல்தோல்போல. முதல் மடக்கில் இனிப்பு வந்தது, முடிவில் வாய் சுத்தமாக உலர்ந்தது. கருகல் இல்லை, ஸ்டவுட்டில் வரும் அந்த வறுத்த கசப்பு பாக்கில் வரக்கூடாது. அவசரப்பட்டு டேங்கிலிருந்து இறக்கிய லாகரில் தட்டும் வெண்ணெய் வாடையும் இல்லை. ஆல்கஹால் தொண்டையில் சுடவில்லை, லேசான கதகதப்போடு நின்றது. ஒரே குறை, கார்பனேஷன், அதாவது பீரில் கரைந்திருக்கும் வாயு, ஒரு பிடி கூடுதல்.

காய்ச்சியவர் இளம் பெண். ஜெர்மனியில் பயிற்சி எடுத்துவிட்டு ஊர் திரும்பியவராம். கார்பனேஷனைச் சொன்னதும், “ஆமாண்ணா, எனக்கும் தெரியுது. இந்த லைன்ல பிரஷரைக் குறைக்கணும்” என்று நேராக ஒப்புக்கொண்டார். பெரும்பகுதி மியூனிக் மால்ட்தானாம். ஊறவைத்த மால்ட்டில் ஒரு பங்கை எடுத்துத் தனியே கொதிக்கவைத்து மறுபடி சேர்க்கும் பழைய முறையையும் இந்தச் சின்ன இடத்திலேயே செய்திருக்கிறார். அந்த நிறமும் ஆழமும் வெறும் கேரமல் மால்ட்டைக் கொட்டி வரவழைத்ததல்ல என்பது குடிக்கும்போதே தெரிந்தது.

அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது பாக் மியூனிக்குக்கு வந்த வரலாறுதான் மனதில் ஓடியது. அது பிறந்தது வடக்கு ஜெர்மனியில் ஐன்பெக் என்ற ஊரில். 14-ஆம் நூற்றாண்டிலேயே அந்த ஊர் பீர் வெளியூர்களுக்கு ஏற்றுமதியானது. மியூனிக்கில் இருந்த பவேரிய அரண்மனையும் அங்கிருந்துதான் தருவித்துக்கொண்டிருந்தது. அந்தச் செலவு தாளாமல் 1589-இல் ஹோஃப்பிராய்ஹவுஸ் என்ற அரண்மனை பீர் ஆலையைத் தொடங்கினார்கள். கடைசியில் ஐன்பெக்கிலிருந்தே எலியாஸ் பிக்லர் என்ற வல்லுநரை அழைத்துவந்து, 1614-இல் மியூனிக்கிலேயே பாக் காய்ச்ச வைத்தார்கள். தொழில் தெரிந்த ஒருவர் இடம் மாறினார், பீரும் கூடவே இடம் மாறியது. இப்போது எங்கள் ஊருக்கும் அது அப்படித்தான் வந்திருக்கிறது. எனக்கு அதில் அளவில்லாத பெருமை.

அதனால்தான் பரிமாறும் விஷயத்தை விடாமல் சொல்கிறேன். கோதுமை பீருக்கும் பாக்குக்கும் ஒரே மக், ஒரே குளிர் என்பது சரியல்ல. பலகையில் ஆல்கஹால் அளவோடு ‘அதிகக் குளிரில்லாமல் தரப்படும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும், கேட்பவர்களும் பழகிக்கொள்வார்கள். பில்லோடு வந்த கருத்துத் தாளில் இதை எழுதிக் கொடுத்தேன். காய்ச்சிய பெண்ணிடம் நேரிலும் சொன்னேன். பாக்குக்கென்று தனியாக, கீழே தண்டும் பாதமும் உள்ள கிளாஸ்கள் வாங்க ஏற்கெனவே கேட்டிருக்கிறாராம், நிர்வாகம்தான் இழுக்கிறதாம்.

அடுத்து வெளிர் நிறத்தில் மைபாக் போடும் எண்ணம் இருக்கிறது என்றார். ஜெர்மனியில் வசந்தகாலத்தில் வரும் வகை அது. ஹாப்ஸ் சற்றுத் தூக்கலாக இருக்கும். இப்போது ஓடும் பாக் அந்த டேங்க் காலியாகும் வரைதான். போகிறவர்கள் உட்கார்ந்ததுமே ஃபிரீசரில் வைக்காத கிளாஸ் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், தயங்காமல் தருகிறார்கள்.