வீட்டு தியேட்டரில் 18 இன்ச் ப்ரோ டிரைவர்: சில வருட அனுபவம்

மேடை ஸ்பீக்கருக்காகச் செய்த டிரைவரை (கோன் ஆடி ஒலி எழுப்பும் பாகம்) வீட்டு சப்வூஃபரில் (அடி பேஸுக்கான ஸ்பீக்கர் பெட்டி) போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

என்னிடம் இருப்பவை இத்தாலியின் பி அண்ட் சி தயாரித்த 18டிபிஎக்ஸ்100, இரண்டு. 18 இன்ச் கோன், 100 மில்லிமீட்டர் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்), சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் பவருக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு, 97 டெசிபல். வீட்டு சப்வூஃபர் டிரைவர்கள் பெரும்பாலும் 90-க்குக் கீழேதான். 10 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு பவர் போதும். அடி பேஸில் இந்த லாபம் முழுசாகக் கிடைக்காது. ஆனால் 40 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை கேட்டுப் பாருங்கள்! தவிலின் தொப்பியில் குச்சி விழுந்தால் அடி நெஞ்சில் இறங்குகிறது, இழுவை இல்லாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. இதற்காகவே இன்னொரு முறையும் இதையே வாங்குவேன்.

பெட்டி ஒவ்வொன்றும் சுமார் 250 லிட்டர், 18 மி.மீ. பிளைவுட், போர்ட் (பெட்டியில் உள்ள காற்றுத் துளை) 25 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்தது. டியூனிங்குக்குக் கீழே போனால் பெட்டிக் காற்று கோனைப் பிடித்து வைக்காது, அது கண்டபடி ஆடும். இந்த டிரைவர்களுக்கு எக்ஸ்மேக்ஸும் (ஒலி கெடாமல் கோன் நகரக்கூடிய தூரம்) குறைவு. சத்தம் மாறாமல் அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு நகர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அதனால் டிஎஸ்பியில் (ஒலியைத் திருத்தும் டிஜிட்டல் கருவி) 22 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் கட்டாயம் வேண்டும்.

அறை நீளம் 5.2 மீட்டர், அந்த நீளத்தில் ஒலி எதிரொலித்து 33 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தத்தில் ஒரு மேடு. ஒரு பெட்டியை முன்சுவர் நடுவிலும் மற்றதைப் பின்சுவர் நடுவிலும் வைத்ததும் அது பெருமளவு அடங்கியது.

தொல்லை தந்தது ப்ரோ ஆம்ப்தான். அமைதியான காட்சிகளில் அதன் ஃபேன் சத்தம் தாங்கவில்லை, அப்புறம் பக்கத்து அறைக்கு மாற்றினேன்.

கோனைச் சுற்றியுள்ள மடிப்பு ஃபோம் இல்லை, பூச்சு கொடுத்த துணி. விரல் வைத்தால் இன்னும் லேசாக ஒட்டும், தூசியும் படியும். ஆனால் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் ஃபோம் பொடிந்து உதிர்வதுபோல இது உதிரவில்லை.

சின்ன ஃப்ரிட்ஜ் அளவுக்கு இரண்டு பெட்டி வைக்க இடமில்லாதவர்களும், 15 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் வேண்டும் என்பவர்களும், கோன் அதிகம் நகரும் வீட்டு டிரைவரை சீல்டு (போர்ட் இல்லாமல் மூடிய) பெட்டியில் போடுவதே மேல்.